டாக்டர் ஆனந்திபாய் ஜோஷி அம்மையார்

கல்வியின் பொருட்டுக் கடல் கடத்தல் இற்றை நாளில் அரிய செயலன்று. நம்மவர் இல்லங்களிலும் மருத்துவம் பயிலப் பிறநாடு செல்ல விழையும் இளைஞர் உளர். அவர்தம் பெற்றோர் பொருட்செலவையும் துணையின்மையையும் அந்நாட்டுத் தட்பவெப்பத்தையும் எண்ணியெண்ணி, அனுப்புவதா நிறுத்துவதா எனத் துணியமாட்டாது தடுமாறுதலையும் காண்கின்றோம். இத் தடுமாற்றம் இயல்பே. ஆயினும் இதனை முறையாக எண்ணித் துணிதற்கு வழி யாது? தம் வாழ்வையே இவ் வினாவுக்கு விடையாக வைத்துச் சென்ற ஒரு பெண்மணியின் வரலாற்றை இவ்விதழில் அன்பர்கட்கு எடுத்துரைக்க முற்படுகின்றோம்.

அவர் மகாராட்டிர நாட்டு ஆனந்திபாய் ஜோஷி அம்மையார். மேல்நாட்டு மருத்துவப் பட்டம் பெற்ற முதல் இந்திய மகளிருள் ஒருவர். பதினெட்டு ஆண்டும் நிரம்பாத பருவத்திலேயே, தமக்கு நேரக்கூடிய இடர்களைத் தாமே ஒவ்வொன்றாக எடுத்துப் பலர் முன்னிலையில் ஆராய்ந்தவர். அவர் அஞ்சியவற்றுள் எவை நிகழ்ந்தன, எவை நிகழவில்லை என்று நோக்குதல் நமக்குப் பெரிதும் பயன்படும்.

பிறப்பும் இளமையும்

அம்மையார் 1865ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 31ஆம் நாள் பிறந்தார். பம்பாய்க்கு அணித்தான கல்யாண் நகரில் நிலபுலம் உடையதாய் விளங்கிய அந்தணர் குடும்பம் அவருடையது. பெற்றோர் இட்ட பெயர் யமுனா. அந்நாள் வழக்கப்படி ஒன்பதாம் வயதிலேயே அவர்க்கு மணம் நிகழ்ந்தது. கணவர் கோபாலராவ் ஜோஷி என்பார், அஞ்சல் அலுவலகத்தில் பணிபுரிந்தவர். முன்னரே மணந்து மனைவியை இழந்தவர். மணமகளினும் ஏறத்தாழ இருபது ஆண்டு மூத்தவர். மணத்தின்பின் யமுனா ஆனந்தி ஆயினார்.

கோபாலராவ் விந்தையான இயல்பினர். பெண்ணுக்குக் கல்வி புகட்டத் தமக்கு உரிமை வேண்டும் என்பதே மணத்திற்கு அவர் விதித்த நிபந்தனை. பெண் ஏட்டைத் தொடுதலே பழிப்புக்கு இடமாயிருந்த அக்காலத்தில் இஃது ஓர் அரிய நிபந்தனை அன்றோ? ஆயின் அவர் கற்பித்த முறை மென்மையானதன்று. பாடத்தை விட்டு அடுக்களைப் பணியில் சிறுமி ஈடுபட்டிருக்கக் காணின் அவர் சினம் எல்லை கடக்கும். கைந்நீட்டி அடித்தலும் உண்டு. அடியும் அச்சுறுத்தலுமாகக் கழிந்த அவ் விளம்பருவத்தைப் பின்னாளில் அம்மையார் அமெரிக்காவிலிருந்து கணவர்க்கு எழுதிய கடிதமொன்றில் ஒளியாது சுட்டிக் காட்டினார். அதே வேளையில், தாம் அடைந்த கல்விக்கு அவரே காரணர் என்பதையும் அவர் மறந்தாரல்லர். கணவர் ஊக்கம் எது, வலுக்கட்டாயம் எது என்று பிரித்தறிதல் அம்மையார்க்கே அரிதாயிருந்திருக்கும். இதனை ஈண்டு மறையாது கூறுதற்குக் காரணம் பின்னர் விளங்கும்.

வித்திட்ட துயர்

பதினான்காம் வயதில் ஆனந்திபாய் ஓர் ஆண்மகவை ஈன்றார். அக் குழந்தை பத்து நாளே உயிர்வாழ்ந்தது. தக்க மருத்துவ உதவி கிட்டியிருப்பின் அது பிழைத்திருக்கும் என்னும் எண்ணம் இளந்தாயின் நெஞ்சில் ஆழப் பதிந்தது. அந்நாளில் ஆண் மருத்துவரிடம் தம் நோயை எடுத்துரைக்க நாணி, உயிர் துறப்பினும் துறப்போமேயன்றி அவரிடம் செல்லோம் என்றிருந்த குலமகளிர் எண்ணிறந்தோர். பெண் மருத்துவரோ நாட்டில் மிகமிக அரியர். தாமே மருத்துவம் கற்று அக் குறையைத் தீர்த்தல் வேண்டும் என்னும் துணிவு ஆனந்திபாய்க்குப் பிறந்தது இவ்விடத்தேதான்.

கோபாலராவ் இதற்கு வழி தேடினார். அமெரிக்கக் கிறித்தவத் தொண்டரான ராயல் வைல்டர் என்பார்க்குக் கடிதம் எழுதி, அந்நாட்டில் தம் மனைவி பயில உதவி வேண்டினார். வைல்டரோ இருவரும் கிறித்தவம் தழுவுதல் நன்று என மறுமொழி தந்தார். அதற்கு இவர்கள் இசையவில்லை. வைல்டர் இக் கடிதங்களைத் தம் இதழில் வெளியிட்டார். நியூ ஜெர்சி மாநிலத்து ரோசல் என்னும் ஊரினரான தியோடீசியா கார்ப்பெண்டர் அம்மையார், 1880ஆம் ஆண்டில் ஒரு பல் மருத்துவர் இல்லத்தில் தம் முறைக்குக் காத்திருந்தபோது, அங்குக் கிடந்த அவ்விதழைப் புரட்டினார். கடல்கட்கு அப்பால் ஒரு சிறுமி மருத்துவம் கற்கத் தவித்தல் அவர் உள்ளத்தை உருக்கிற்று. அன்று தொடங்கிய கடிதப் போக்குவரவு இருவரையும் உறவினராகவே ஆக்கியது. ஆனந்திபாய் அவரைச் சிற்றன்னை முறை கூறி அழைக்கலானார். மத மாற்றம் என்னும் விலை கேளாது உதவ முன்வந்தவர் இவரே.

உடலின் நிலை

கோபாலராவின் பணி காரணமாகக் குடும்பம் ஊர்விட்டு ஊர் மாறி, கல்கத்தாவை அடைந்தது. அங்கே ஆனந்திபாயின் உடல்நலம் குன்றியது. தலைநோவும் காய்ச்சலும் சோர்வும் மூச்சுத் திணறலும் அவரை விடாது வருத்தின. கார்ப்பெண்டர் அம்மையார் அமெரிக்காவிலிருந்தே மருந்துகள் அனுப்பினார், அவை பயன்படவில்லை. 1883ஆம் ஆண்டில் கோபாலராவ் செராம்பூருக்கு மாற்றப்பட்டார். தாம் உடன்செல்ல இயலாமையின் மனைவியைத் தனியே அமெரிக்காவுக்கு அனுப்புவதென அவர் துணிந்தது அப்பொழுதே. நலிந்த உடலோடு நெடுந்தொலை செல்ல ஆனந்திபாய் தயங்கினார். ஏனைய மகளிர்க்கு ஒரு முன்மாதிரியாதல் வேண்டும் எனக் கூறிக் கணவர் அவரை இசைவித்தார். நண்பராகிய தோர்பர்ன் என்னும் மருத்துவத் தம்பதியர், பென்சில்வேனியா மகளிர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்குமாறு அறிவுரை கூறினர். 1850ஆம் ஆண்டில் தோன்றிய அக் கல்லூரி, மகளிர்க்கென்றே அமைந்த மருத்துவக் கல்லூரிகளுள் மிகப் பழையவற்றுள் ஒன்று.

ஆறு வினாக்கள்

இச் செய்தி பரவவே ஊரார் பலவாறு தூற்றலாயினர். இந்நிலையில் ஆனந்திபாய் செய்த செயல் வியக்கத்தக்கது. 1883ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 24ஆம் நாள், செராம்பூர்க் கல்லூரி மண்டபத்தில் கூடியிருந்தோர் முன் தாமே எழுந்து நின்று, தம்மை நோக்கி எழுப்பப்பட்ட ஆறு வினாக்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆங்கிலத்தில் விடை கூறினார்.

முதலாவது, ஏன் அமெரிக்கா செல்கின்றீர் என்பது. மருத்துவம் கற்கவே செல்கின்றேன். இந்நாட்டு மகளிர்க்கு இந்நாட்டுப் பெண் மருத்துவர் இன்றியமையாதவர் என்றார்.

இரண்டாவது, இந்தியாவிலேயே கற்க வழியில்லையா என்பது. சென்னையில் ஒரு கல்லூரி உண்டு. ஏனைய மாகாணங்களில் மருத்துவச்சியர்க்கான வகுப்புக்களே உள்ளன. அங்கெல்லாம் கல்வி நிறைவுடையதன்று என்பது அவர் விடை. மேலும், கையில் நூலோடு தெருவில் நடக்கும் பெண்ணை வங்கத்து ஊர்களில் எள்ளி நகையாடுதலையும் அவர் எடுத்துரைத்தார். நம் சென்னை மருத்துவக் கல்லூரி 1875ஆம் ஆண்டிலேயே மகளிரைச் சேர்த்துக்கொண்டது. மேரி ஷார்லீப் அம்மையார் அங்குப் பயின்று 1878ஆம் ஆண்டில் தேறினார். வங்கத்திலிருந்து அபலா தாஸ் என்னும் மாணவியும் 1882ஆம் ஆண்டில் அங்கு வந்து சேர்ந்தார். ஆதலின் இவ் விடை எல்லாரும் ஒப்பத்தக்கதன்று. எனினும் அருகிலுள்ள வழியையும் நோக்கிய பின்னரே அம்மையார் தொலைவழியைத் தேர்ந்தார் என்பது தெளிவு.

மூன்றாவது, ஏன் தனியே செல்கின்றீர் என்பது. கணவர் தம் தாயையும் தம்பியரையும் காக்கக் கடமைப்பட்டவர். இருவர் செல்லப் பொருளும் போதாது என்றார்.

நான்காவது, திரும்பியபின் சாதி விலக்கு நேராதா என்பது. இந்துவாகச் செல்வேன், இந்துவாகவே வாழ்வேன், இந்துவாகவே மீள்வேன். உணவும் உடையும் ஒழுக்கமும் மாறாத ஒருத்தியை விலக்குதற்குக் காரணம் யாது என்று வினவினார். விலக்குவதாயின் இப்பொழுதே விலக்கலாமே என்றும் துணிந்து கூறினார். இத் துணிவின் அளவை நாம் உணர்தல் வேண்டும். கடற்பயணம் அற்றைநாள் உயர்குலத்தார் பலரால் குற்றமாகக் கருதப்பட்டது. ஐந்தாண்டு கழித்து, 1888ஆம் ஆண்டில், சட்டம் பயில இலண்டன் செல்லப் புறப்பட்ட காந்தியடிகளையே அவர் சாதியார் பம்பாயில் கூடி விலக்கிவைத்தனர்.

ஐந்தாவது, அயல்நாட்டில் இடர் நேரின் என் செய்வீர் என்பது. இடர் எவ்விடத்தும் வரும். அஞ்சி அமர்ந்திருப்போரையும் அது விடுவதில்லை என்பது அவர் கருத்து.

ஆறாவது, உம்மினத்துப் பெண் எவரும் செய்யாததை நீர் ஏன் செய்தல் வேண்டும் என்பது. சமூகத்திற்கு ஒவ்வொருவரும் கடன்பட்டுள்ளோம். பிறர் செய்யாமையால் அக் கடன் நீங்கிவிடாது என்று கூறி அவர் தம் பேச்சை முடித்தார்.

இப் பேச்சு நாடெங்கும் பேசப்பட்டது. பொருளுதவியும் பல திசையினின்றும் வந்தது.

அயல்நாட்டு வாழ்வு

1883ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 7ஆம் நாள் அம்மையார் கல்கத்தாவில் கப்பலேறினார். ஏறக்குறைய இரண்டு மாதக் கடற்பயணத்தின்பின் ஜூன் மாதத் தொடக்கத்தில் நியூயார்க்கு நகரில் இறங்கினார். கார்ப்பெண்டர் அம்மையார் துறைமுகத்திற்கே வந்து எதிர்கொண்டு, ரோசலில் தம் இல்லத்தில் வைத்து மகள்போல் பேணினார். கல்லூரித் தலைவியாகிய ரேச்சல் பாட்லி அம்மையார் அவரை மாணவியாக ஏற்றுக்கொண்டார். மூன்றாண்டுப் படிப்புக்கென 600 டாலர் உதவித்தொகையும் கிடைத்தது.

பிலடெல்பியா நகரில் அம்மையார் தாம் மொழிந்த சொல்லைக் காத்தார். புலால் உண்ணவில்லை, சேலை உடுத்தலை விடவில்லை, சமயம் மாறவில்லை. ஆயின் அந்நகரத்துக் குளிர் கொடியது. பழகாத நாட்டில் தமக்கேற்ற உணவு பெறுதலும் எளிதாயில்லை. முன்னரே நலிந்திருந்த உடல் மேலும் நலிந்தது. நாளடைவில் எலும்புருக்கி நோய் அவரைப் பற்றியது. அந்நோய்க்குக் காரணமான நுண்ணுயிரை ராபர்ட் காக் என்னும் செருமானிய அறிஞர் 1882ஆம் ஆண்டிலேயே கண்டறிந்திருந்தார். ஆயினும் அதனை அழிக்கும் ஸ்டிரெப்டோமைசின் என்னும் மருந்து தோன்றியது 1943ஆம் ஆண்டிலேயாம். நோயின் பெயரை அறிந்தும் அதனை நீக்கும் வழியறியாத காலத்தில் அவர் மருத்துவம் பயின்றார்.

இந்நிலையிலும் கல்வியைக் கைவிடாது, பண்டை இந்துக்களிடையே வழங்கிய மகப்பேற்று மருத்துவம் பற்றி ஓர் ஆராய்ச்சியுரை எழுதி அளித்தார். 1886ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 11ஆம் நாள் அவர்க்கு எம்.டி. பட்டம் வழங்கப்பட்டது. அமெரிக்கா வந்து சேர்ந்திருந்த கோபாலராவும், உறவினராகிய பண்டித ரமாபாய் அம்மையாரும் அவ்விழாவில் உடனிருந்தனர். விக்டோரியா பேரரசியாரிடமிருந்து வாழ்த்துச் செய்தி வந்தது. கோலாப்பூர்ச் சமஸ்தானத்தார், ஆல்பர்ட் எட்வர்டு மருத்துவமனையில் மகளிர் பகுதிக்குத் தலைமை மருத்துவராகுமாறு அவரை அழைத்தனர். அவ் வழைப்பையும் அவர் ஏற்றுக்கொண்டார்.

முடிவு

1886ஆம் ஆண்டின் இறுதியில் அம்மையார் தாய்நாடு மீண்டார். ஆனால் கோலாப்பூரில் பணியேற்கும் வலிமை அவ்வுடலில் இல்லை. புனே நகரில் நோயோடு கிடந்து, 1887ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 26ஆம் நாள் உயிர் நீத்தார். செராம்பூர் மண்டபத்தில் ஆறு வினாக்கட்கு விடை கூறிய நாளினின்றும் எண்ணின் நான்காண்டும் இரண்டு நாளுமே கழிந்திருந்தன. இருபத்திரண்டு ஆண்டு நிரம்புதற்கு ஏறத்தாழ ஒரு திங்கள் எஞ்சியிருந்தது. மருத்துவராக ஒரு நோயாளியையேனும் தம் நாட்டு மருத்துவமனையில் அவர் காக்க இயலாமற் போயிற்று. அவருடைய சாம்பல் கடல் கடந்து கார்ப்பெண்டர் அம்மையாரிடம் சென்றது. அதனை அவர் நியூயார்க்கு மாநிலத்துப் பொகீப்சி நகரில் தம் குடும்பத்தார் துயிலும் இடத்திலேயே வைத்தார்.

எண்ணியதும் நிகழ்ந்ததும்

இனி, அம்மையாரின் எண்ணத்தை நிகழ்ச்சியோடு ஒப்பிட்டு நோக்குவோம். தனிமையை ஊரார் பெரிதாக அஞ்சினர். தாய் போன்றார் ஒருவர் துறைமுகத்திலேயே காத்திருந்தார். மதம் மாறுவார் என்று கருதினர், அவர் மாறவில்லை. பொருள் போதாது என்றனர், உதவித்தொகை வந்தது. கல்வியில் தேறுவாரோ என்னும் ஐயமும் அகன்றது. ஊரார் அஞ்சிய இவையெல்லாம் கடக்கத்தக்கனவாகவே முடிந்தன. அவரைக் கொண்டுசென்றது, இவ் வாறனுள் தனி வினாவாக இடம்பெறாத ஒன்று. கல்கத்தாவிலேயே காய்ச்சலாகவும் மூச்சுத் திணறலாகவும் தன்னை அறிவித்துக்கொண்டிருந்த உடல்நலிவே அது. ஊரார் வாயில் அடிபடும் இடர் ஒருபுறம் இருக்க, வீட்டினுள்ளே கண்ணெதிரில் கிடக்கும் இடரை நாம் எண்ணாது விடுதல் உலகியல்பு போலும்.

ஆயின் அவர் சென்றது பிழையென்று கூறலாமோ? கூறலாகாது. எலும்புருக்கி நோய் அந்நாளில் இந்நாட்டிலும் எண்ணற்றோரை மாய்த்தது. இல்லத்தில் இருந்தோரையும் அது விட்டதில்லை. இன்னும் ஒன்று. செல்வதன் இடரை மட்டும் ஒரு தட்டில் வைத்துவிட்டு, செல்லாமையின் இடரை மறந்துவிடுதல் நேர்மையான நிறுவையன்று. பத்து நாளில் மாண்ட குழந்தையும், அதுபோல் மாண்ட பல்லாயிரம் மகவுகளும் தாயரும் மற்றைத் தட்டில் இருந்தனர். அத்தட்டைக் கண்ட பின்னரே அம்மையார் புறப்பட்டார்.

மற்றும், அவர் சென்ற ஆண்டிலேயே கல்கத்தா மருத்துவக் கல்லூரி மகளிர்க்கும் கதவு திறக்க முடிவு செய்தது. காதம்பினி கங்குலி அம்மையார் அங்கேயே பயின்று 1886ஆம் ஆண்டில் மருத்துவரானார். உள்நாட்டில் பயின்ற காதம்பினியும், பின்னர் இலண்டனில் பயின்று 1894ஆம் ஆண்டில் தகுதி பெற்ற ரக்மாபாய் அம்மையாரும் நெடுநாள் மருத்துவத் தொண்டு புரிந்தனர். ரக்மாபாய் 1955ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார். ஆதலின் கடல் கடத்தல் தானே நன்றுமன்று, தீதுமன்று. செல்வோரின் உடலும் உள்ளமும் காலமும் அதனை நன்றாக்கும், அன்றேல் தீதாக்கும்.

நாம் கொள்ளத்தக்கது

நம் நாளில் சாதி விலக்கும் சமுத்திரத் தடையும் மறைந்தன. எலும்புருக்கிக்கு மருந்தும் உண்டு. அவற்றின் இடத்தே வேறு இடர்கள் முளைத்துள்ளன. வெளிநாட்டில் மருத்துவம் பயின்று மீள்வோர் நம் நாட்டில் தகுதித் தேர்வில் தேறினாலன்றித் தொழில் புரிய இயலாது. இம்முறை 2002ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. சில மேலைநாடுகளில் பட்டம் பெற்றோர்க்கு விலக்குண்டு எனினும், செலவு குறைந்த நாடுகளை நாடுவோர் பலர்க்கும் இத்தேர்வே வாயில். 2022ஆம் ஆண்டில் உக்ரைன் நாட்டில் போர் மூண்டபோது அங்கு மருத்துவம் பயின்ற நம் நாட்டு மாணவர் பல்லாயிரவர் படிப்பை இடையில் விட்டு ஓடிவர நேர்ந்தது. வீட்டையும் நிலத்தையும் ஈடுவைத்து அனுப்பிய பெற்றோர்க்கு இஃது எத்துணைப் பெரிய அடி என்பது சொல்லாமலே விளங்கும்.

ஆகவே, மகனையோ மகளையோ அனுப்பக் கருதும் அன்பர்கள் ஆனந்திபாய் அம்மையாரின் முறையைக் கைக்கொள்ளுதல் நன்று. முகவர் நீட்டும் தாளில் கையொப்பம் இடுதற்குமுன், பிள்ளையை அருகிருத்தி அவ் வாறு வினாக்களையும் கேளுங்கள். ஏன் செல்கின்றாய்? இந்நாட்டில் வழியில்லையா? அங்கு உனக்குத் துணை யார்? மீண்டபின் உன் பட்டம் இங்குச் செல்லுமா? இடையில் இடர் வரின் என் செய்வாய்? பிறர் செய்யாததை, அன்றேல் பிறர் செய்கின்றார் என்பதற்காகவே, நீ ஏன் செய்கின்றாய்? விடைகளைப் பிள்ளையின் வாயாலேயே கேளுங்கள். நீங்கள் எடுத்துக் கொடுக்க வேண்டா.

இவற்றோடு, அம்மையார் தனியே எடுத்து நிறுத்தாத இரண்டு வினாக்களையும் சேர்த்துக்கொள்ளுதல் வேண்டும். உன் உடல் அந்நாட்டுக் குளிரையும் உணவையும் தாங்குமா என்பது ஒன்று. அதற்குத் தக்க மருத்துவரே விடை கூறுதல் வேண்டும். பெற்றோரின் ஆசை விடை கூறலாகாது. இவ் விருப்பம் உன்னுடையதா, எம்முடையதா என்பது மற்றொன்று. கோபாலராவின் இல்லத்தில் எவரும் இவ் வினாவை எழுப்பியதாகத் தெரியவில்லை. எண் வினாக்கட்கும் பிள்ளை தயங்காது விடை கூறின் மகிழ்வோடு வழியனுப்புக. ஒன்றற்கேனும் விடை கிட்டாதாயின், அது கிட்டும்வரை பொறுத்திருத்தலில் இழிவு யாதும் இல்லை. ஓராண்டு தாழ்த்துச் சேர்வோரையும் கல்லூரி ஏற்றுக்கொள்ளும். இழந்த உடல்நலமோ கேட்ட அளவில் மீளுவதன்று.